வீட்டுக்குள் ஒரு வாளி கடல்



நாலு பக்கமும் கடல் இருக்கும் தீவில் வீட்டுக்குள்ளும் ஒரு கடல் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். என் மாமியும் அதைத்தான் கேட்டார். "மீன் பார்க்க வேணுமெண்டால் சந்தைக்குப் போ பிள்ளை, காசும் மிச்சம்" என்றார். மன்னாரில் இருந்துகொண்டு கடல்நீர்த் தொட்டி வைப்பது விசர் வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தம்பிக்காகத்தான் இறங்கினேன்.

என் தம்பி சங்கு குளிப்பவன். யுத்தம் முடிந்து கடல் மெல்ல மெல்லத் திறந்துவிடப்பட்டபின் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் அட்டைக்கும் இறங்கினான். 2015இல் ஒரு நாள் ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. ஆழத்தில் இருக்கும்போது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. ஆறுதலாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். வேகமாக வந்தால் சோடாப் போத்தல் திறந்ததைப் போல உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. வடபகுதியில் சுழியோடிகள் பலர் இப்படி நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள். அதில் என் தம்பியும் ஒருவன். இப்போது ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்கிறான்.

மூன்று வருடம் முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரை போட்டு இருந்தான். யாரோடும் கதைக்கமாட்டான். தங்கமீன் வாங்கித் தரட்டா என்று ஒரு நாள் கேட்டேன். "அக்கா, எனக்கு மீன் வேண்டாம். அதுகள் இருக்கிற இடம்தான் வேணும்" என்றான்.

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முருகைக்கல் பார்கள் இருக்கின்றன. அதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆண்கள் கண்டுவந்து சொன்னதைத்தான் நாம் கேட்டிருக்கிறோம்.

கொழும்பில் உள்ள ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். முதற்தொட்டிக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு 14 பொருட்கள் உள்ள பட்டியல் ஒன்று வந்தது. மொத்தத் தொகையைப் பார்த்தேன். நான் பிழைப்பு நடத்தும் தையல் மெசினைப் போல ஐந்து மெசின் வாங்கலாம். என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த 60,000 ரூபா மட்டும்.

பட்டியலை மேசையில் விரித்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன். இது இல்லாவிட்டால் எது சாகும், எத்தனை மணித்தியாலத்தில் சாகும்? நமக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. இடம்பெயரும்போது எதைத் தூக்குவது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்று வாசற்படியில் நின்று முடிவெடுத்தவர்கள் நாம். இந்தக் கேள்வியால் 14 பொருட்கள் ஆறாகக் குறைந்தன.

இதற்கிடையில் மகள் இன்ரநெற்றில் ஒரு கதையைத் தேடி எடுத்தாள். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய முதன்முதலாக வழி செய்தவர்களில் ஒருவர் பெண். பெயர் ஜான் வீல்ப்ரே பவர். பிரான்ஸ் நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து, பரிஸ் நகரில் தையற்காரியாக வேலை செய்தவர். 1816இல் இளவரசி ஒருவரின் திருமண உடைக்குப் பின்னல் வேலை செய்து பெயரெடுத்தார். பின்னர் இத்தாலியின் சிசிலித் தீவில் குடியேறி, 1832இல் கண்ணாடித் தொட்டிகள் செய்து, ஓடுள்ள ஒருவகைக் கணவாய் தன் ஓட்டைத் தானே கட்டுகிறது என்பதை நேரில் பார்த்து நிறுவினார். பிற்காலத்தில் கப்பலொன்று மூழ்கியதில் அவருடைய சேகரிப்பும் குறிப்புகளும் பெரும்பாலும் அழிந்தன. தையற்காரி என்று கேட்டவுடன் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

முதலாவது தொட்டி. சிறியது மலிவு, ஆகவே புதியவர்களுக்குச் சிறியது போதும் என்று தோன்றும். உண்மை மறுபக்கம். சின்னச் சட்டியில் வைத்த கறி சட்டென்று அடிப்பிடிப்பதைப் போல, சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் அழுக்கும் சட்டென்று மாறும். பெரியதில் எல்லாம் மெதுவாக நடக்கும், திருத்துவதற்கு நேரம் கிடைக்கும். நாங்கள் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி எடுத்தோம். 10 மில்லிமீற்றர் கண்ணாடி. இதில் ஏறத்தாழ 190 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். கல்லும் சேர்ந்தால் கால் தொன் பாரம். அதைத் தாங்க இரும்பு ஸ்ராண்ட் வேண்டும் என்றார்கள். இரும்பு உப்புக்காற்றில் என்ன ஆகும் என்று மன்னாரில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் ஒரு றெஜிபோம் தகடு வைத்துத் தொட்டியை ஏற்றினோம். சுவரோடு ஒட்டாமல், வெயில் நேரே படாத மூலையில்.

இரண்டாவது தண்ணீர். கொழும்பிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பொதி உப்பு வாங்கிக் கடல்நீர் தயாரிக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். சிலர் நம்முடைய உப்பளத்து உப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் அடியில் தங்கிவிடுகிறது. பிறகுதான் நாம் உண்ணும் உப்பு படிகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போகிறது. ஆகவே கறி உப்பைத் திரும்பக் கரைத்தால் அது கடல் ஆகாது. கடலில் இருந்த பாதிச் சாமான் அதில் இராது.

கடல்நீரை எங்கே, எப்போது எடுப்பது என்பதைத் தம்பி சொன்னான். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில், தீவின் தெற்குப் பக்கம், தண்ணீர் ஏறிவரும் நேரத்தில் எடுக்க வேண்டும். வள்ளத்துறைப் பக்கம் எண்ணெய் மிதக்கும், அங்கே எடுக்கக்கூடாது. மாரியில் அருவியாறு பெருகிக் கடலோடு கலக்கும் காலத்திலும் எடுக்கக்கூடாது.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தான். அவனால் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். என் கணவர் 2007இல் தொழிலுக்குப் போன இடத்தில் இல்லாமல் போனவர். அதற்குப் பிறகு நான் கரைப்பக்கம் போனதில்லை. மீனைச் சந்தையில் வாங்குவேன், கடலைப் பார்க்கமாட்டேன். 2018 பங்குனியில் ஒரு விடியற்காலை, மகளையும் பத்துக் கான்களையும் அயலவரின் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கானை அமிழ்த்தினேன். அன்று பத்துக் கானும் நிரம்பும்வரை கரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தமுறை அப்படி நிற்கவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எழுதத் தெரியவில்லை.

கொண்டுவந்த தண்ணீரைப் பழைய பருத்திச் சேலைத் துணியில் வடித்தோம். சவர்க்காரம் பட்ட துணியும் வாளியும் இதற்கு ஆகாது. இந்த வேலைக்கென்று ஒரு வாளியைப் புதிதாக வாங்கி, அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

மூன்றாவது பொருள்தான் நான் முழு விலை கொடுத்து வாங்கியது. உப்பின் அளவைக் காட்டும் சிறு குழாய். ஒரு துளி தண்ணீரை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் அளவு தெரியும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் வற்றும்போது தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்குக் கடல்நீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு ஒட்டி, தினமும் காலையில் அந்தக் கோடுவரை விடுகிறோம். நம் கிணறுகள் உவர். வடிகட்டிய குடிநீர் வாங்கலாம், ஓட்டுக்கூரை மழைநீரும் சேர்க்கலாம். தகரக்கூரைத் தண்ணீர் வேண்டாம். தகரத்தில் பூசிய நாகமும், செப்புப் பாத்திரத்துச் செம்பும் நண்டு, நத்தை போன்ற உயிர்களுக்கு நஞ்சு.

அடுத்தது கல். உயிருள்ள கல் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். கடலில் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறிய கல். தொட்டியின் அழுக்கைச் சுத்தம் செய்வது அந்த நுண்ணுயிர்கள்தான். 1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் இப்படிப்பட்ட கல், இயற்கைக் கடல்நீர், வெயில், கொஞ்சம் காற்றுக்குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்தே முருகை உயிர்களை வளர்த்துக் காட்டினார். நமக்கு ஏற்ற முறை அதுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் பாரில் போய்க் கல் உடைப்பது வேறு கதை. இலங்கையில் முருகைக்கல்லை உடைத்தெடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றியிருந்த முருகைக்கற்கள் வெளிறிப்போயின. வெடி போட்டவர்கள் வேறு உடைத்தார்கள். மிச்சமிருப்பதில் நாமும் ஒரு கை வைப்பதா? யாழ்ப்பாணத்தில் மச்சாள் வளவில் கிணறு வெட்டியபோது எறிந்த சுண்ணாம்புக்கல் கிடந்தது. துளை துளையாக, பாரம் குறைந்த கல். பஸ்ஸில் இரண்டு உரப்பையில் கொண்டுவந்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து அடுக்கினோம். காய்ந்த கல்லும் பொறுமையிருந்தால் உயிருள்ள கல்லாகும்.

காற்றுப்பம்பியும் சிறிய நீர்ப்பம்பியும் அவசியம். கடலில் நிற்கும் தண்ணீர் கிடையாது. ஓட்டம் இல்லாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். ஒரு விஷயம் கவனியுங்கள். காற்றுப்பம்பியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிவந்து பம்பிக்குள் ஏறிவிடும். அதை உயரத்தில் வையுங்கள். அதன் பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்தவோ பூச்சிமருந்து அடிக்கவோ கூடாது. அந்தப் புகையை அது இழுத்துத் தண்ணீருக்குள் விடும். வயர்களைப் பிளக்குக்குக் கீழாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். வயரில் வழியும் உப்புத்தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் இந்த வேலையே வேண்டாம். உப்புத்தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைசியாக அமோனியா, நைத்திரைற்று பார்க்கும் சோதனை மருந்துகள். திகதி முடிந்ததைத் தள்ளிவிடுவார்கள், போத்தலைத் திருப்பிப் பாருங்கள்.

வெட்டியவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் சூடாக்கி, குளிர்நாட்டுச் சாமான். நமக்குப் பயம் சூடுதான். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 பாகையைத் தாண்டப் பார்க்கும். அதற்குக் குளிராக்கும் இயந்திரம் எழுதியிருந்தார்கள். தண்ணீர் முகத்துக்கு மேலே ஒரு சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று பாகை குறையும். தண்ணீர் கூட வற்றும், அவ்வளவுதான். விலை உயர்ந்த விளக்கும் வேண்டாம். முருகை உயிர் தனக்குள் குடியிருக்கும் பாசிக்காகத்தான் கடும் வெளிச்சம் கேட்கிறது. முருகையே வைக்காதபோது சாதாரண எல்.ஈ.டி. போதும். கரையில் அலை ஒதுக்கும் நுரையைப் போலத் தண்ணீரைக் குமிழியாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி ஒன்று உண்டு. நல்ல கருவிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடல் பக்கத்திலேயே இருக்க, பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு கான் பழைய தண்ணீரை எடுத்துப் புதியதை விட்டால் அதே வேலை நடக்கும். இந்த ஒன்றில் ரொறன்ரோவில் இருப்பவர்களைவிட நாம் பணக்காரர்.

ரொறன்ரோ என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் "பார்சல் போடுறன்" என்பார்கள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், நம்முடையது 230. அங்கிருந்து வந்த பம்பியை நேரே பொருத்தினால் புகைதான் வரும். லண்டன் சாமான் என்றால் நம் வீட்டில் ஓடும், சதுர முள் பிளக்கும் அதேதான். பெரியம்மாவின் மகளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு மூன்று தொலைபேசி அழைப்பு எடுத்தது.

எல்லாம் பொருத்திய பிறகும் மீன் விடவில்லை. ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டோம். அழுகும்போது அமோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. இந்த நுண்ணுயிர்கள் குடியேற நாலு முதல் ஆறு கிழமை ஆகும். எங்களுக்கு ஏழு கிழமை எடுத்தது. தம்பி தினமும் சோதித்துப் பழைய கொப்பியில் எழுதினான். "அங்கயும் நைதரசன், இங்கயும் நைதரசன். இதையாவது நான் ஆறுதலாக் கடக்கிறன்" என்றான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் பகிடி அது.

மீன்? அழகான வண்ணத்திப்பூச்சி மீன்கள் பல முருகை உயிரைத் தின்று வாழ்பவை, தொட்டியில் பட்டினியால் சாகும். அவை கடலில் இருக்கட்டும். தம்பிக்குக் கோமாளி மீனில் ஆசை. மண்டபம் என்றதும் நம்மில் பலருக்கு அகதி முகாம்தான் ஞாபகம் வரும். அங்கேயே உள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அந்த மீன் கூட்டத்தில் பெரியது பெண். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிக் கூட்டத்தை நடத்தும். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று படிவத்தில் எழுதுகிறார்களே, அதுதான். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தவை, அயலவரின் கூட்டில் உயிரோடு அகப்பட்ட இரண்டு சிறு நீல மீன்கள். பாசி தின்ன நாலு நத்தை, சங்குக்குள் குடியிருக்கும் இரண்டு நண்டு. இவ்வளவுதான் குடித்தொகை.

அந்தக் குறைந்த குடித்தொகைதான் 2022இல் எங்களைக் காப்பாற்றியது. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லை. பற்றரியில் ஓடும் சிறு காற்றுப்பம்பி ஒன்று இருந்தது. பற்றரி கடைகளில் முடிந்துவிட்டது. சிவப்புத் துணி கட்டிய வாளியை எடுத்தோம். ஒரு சாடியால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம். பகலில் தம்பி, மாலையில் மகள், இரவில் தையலை நிறுத்திவிட்டு நான். மாமியும் ஊற்றினார், திட்டிக்கொண்டே.

1846இல் லண்டனில் அன்னா தின் என்ற சீமாட்டி முருகை உயிர்களைக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். மோட்டர் இல்லாத காலம். திறந்த யன்னலருகே தண்ணீரை முன்னும் பின்னுமாக ஊற்றியது, தினமும் அரை மணித்தியாலத்துக்கு மேல், அவர் வீட்டு வேலைப் பெண். சீமாட்டியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வேலைப் பெண்ணின் பெயரை மகள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

எங்கள் தொட்டியில் ஒரு நத்தை மட்டும் செத்தது.

இதில் வருமானம் வருமா என்று பெண்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். கடல்நீர்த் தொட்டி காசு தின்னும், தராது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இந்திய அரசின் ஆராய்ச்சி நிலையமொன்று குஞ்சு கொடுத்துப் பின்னால் நிற்கிறது. அப்படி யாரும் பின்னால் நில்லாமல் கடன் எடுத்து இதில் இறங்காதீர்கள். மீன் வளர்த்து விற்க வேண்டுமென்றால் நன்னீர் மீனில் தொடங்குங்கள். சீமெந்துத் தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும் உள்ள வீட்டில் முடியும்.

எட்டாம் மாதத்தில் கல்லின் ஒரு மூலையில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கப் போனேன். "தொடாதேங்கோ அக்கா, பாரில இருக்கிறது இதுதான்" என்று தம்பி கத்தினான். முருகைக்கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் சுண்ணாம்புப் பாசி அது. நாங்கள் வாங்கவில்லை, கான் தண்ணீரோடு தானாக வந்திருக்கிறது. பிறகு விசிறிபோல விரிந்து மடங்கும் சிறு குழாய்ப்புழுக்கள் வந்தன. அயல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நிற்பார்கள். எது எங்கே கிடைக்கும், எத்தனை பாகத்தில், எந்தக் காற்றில் என்று தம்பி சொல்லிக்கொடுப்பான். சில நாளில் அவன் குரல் என் மெசின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

இப்போது பழைய காற்றுப்பம்பி இரைச்சல் போடுகிறது. உள்ளே இருக்கும் இறப்பர் தேய்ந்துவிட்டதாம். முழுப் பம்பியையும் மாற்ற எனக்கு மனமில்லை. அந்த இறப்பரை மட்டும் தனியாக விற்கும் கடை மன்னாரிலோ வவுனியாவிலோ இருந்தால், சகோதரிகளே, ஒரு வரி எழுதி அறியத்தாருங்கள்.